நாலாம் கேமரா கண்டது

ஜூன் 4, ஞாயிறு

இந்த டைரியை ஜனவரியில் ஓர் உரக்கடைக்காரர் கொடுத்தார். எனக்கு வயலும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது, வாய் மட்டும்தான். ஐந்து மாதமாக அரிசிப் பானை மேல் கிடந்ததை இன்று எடுத்ததற்கு உலகம்மாள் காரணம். “பேசுறதுல பாதிய எழுதி வச்சிருங்களேன், என் காது கொஞ்சம் ஆறட்டும்” என்றாள். அவள் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை. பள்ளியில் அறுபத்திரண்டு பிள்ளைகள். வீட்டில் இருப்பது அறுபத்து மூன்றாவது.

அந்த அறுபத்து மூன்றாவதுக்கு வயது ஐம்பத்தைந்து, பெயர் குற்றாலிங்கம். டெலிபோன் டிபார்ட்மெண்டில் இருபத்தேழு வருடம், அதில் முதல் பதினைந்து டிரங்க் எக்ஸ்சேஞ்சில். இணைப்பைக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. காதை எடுத்துவிட்டால் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அப்படிக் கடமை உணர்வோடு கேட்டதில், பாளையங்கோட்டையில் யார் வீட்டுச் சம்பந்தம் எதனால் தட்டிப்போனது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. உலகம்மாளிடம் மட்டும் சொல்வேன். அப்புறம் டீக்கடையில்.

இப்போது விருப்ப ஓய்வு. பொருநை அடுக்ககத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும் 2-சிக்காரனான நான் செயலாளர். கூட்டத்தில் நான் பாத்ரூம் போயிருந்த சமயம் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இன்று நாலு கேமராக்கள் மாட்டினோம். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மார்ச் மாதம் நம் கேட் முன்னால்தான் பைக்கில் வந்தவன் உலகம்மாளின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். கழுத்தில் ஏழு தையல். அவள் விழுந்ததும் முதலில் ஓடி வந்து துப்பட்டாவை அழுத்திப் பிடித்தது தரைத்தளம் ஜி-2 பியூலாதான். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்து நாள் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றினாள். திருடனை இன்னும் பிடிக்கவில்லை.

கேமராவைப் போலீஸ் ஸ்டேஷனோடு இணைத்துவிட்டார்கள். என் போனிலும் தெரியும். எக்ஸ்சேஞ்ச் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, இந்த முறை படத்தோடு.

ஜூன் 6, செவ்வாய்

3-ஏ பரமசிவம் சார் ஆள் இல்லாத நேரத்தில் ஜி-1 தொட்டியிலிருந்து மல்லிகை பறிக்கிறார். ஓய்வுபெற்ற தாசில்தார். நாலு பூ. பறித்ததும் நாலு பக்கமும் பார்க்கிறார், மேலே மட்டும் பார்ப்பதில்லை.

இதை ஊருக்குச் சொல்லாமல் நான் எப்படித் தூங்குவது?

ஜூன் 11, ஞாயிறு

‘பொருநை வாரச் சேதி’ முதல் இதழ் வெளிவந்தது. ஒரு தாள், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். லிஃப்ட் ஓடாததால் காத்திருப்பவர்களுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே. ‘கேமரா கண்ட காட்சி’ என்று ஒரு பகுதி. பெயர் போடாமல் மல்லிகைத் திருடரைப் பற்றி எழுதினேன். சாயங்காலம் பரமசிவம் சார் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, “யாரு ஓய் அது?” என்று என்னிடமே கேட்டார்.

ஸ்டேஷனில் எங்களை மாதிரிச் செயலாளர்கள் இருநூற்றுப் பதினாலு பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு படம் எடுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் கட்டைவிரல் காட்டினார். நான் எழுதியதற்கு இதுவரை கிடைத்த உச்சபட்ச அங்கீகாரம்.

ஜூன் 19, திங்கள்

இரண்டாம் இதழுக்கு நல்ல வரவேற்பு. பியூலா நேரிலேயே வந்துவிட்டாள்.

“அண்ணாச்சி, நாலாம் நம்பர் கேமரா என் வாசலையே பாக்கு.”

“படிக்கட்டப் பாக்கும்மா. உன் வாசல் நடுவுல வருது.”

“டூட்டி முடிஞ்சு வந்து நான் செருப்பக் கழத்துறது வரைக்கும் தெரியுது. இடது செருப்பு வாரு அறுந்துட்டுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கிய.”

“தைக்கட்டுமேன்னுதான் போட்டேன்.”

“தச்சாச்சு. கேமராவத் திருப்புங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையில் ஒரு தாள் இருந்தது. மூன்று கேள்விகள்: இந்தப் படத்தை யார் யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், என் வாசலைப் படம் பிடிக்க யார் அனுமதி கொடுத்தது. கீழே முத்து முத்தாகக் கையெழுத்து.

கோணத்தை ஸ்டேஷனில்தான் முடிவு செய்தார்கள், நான் தொடக்கூடாது என்றேன். அது உண்மைதான். மனுவை ஸ்டேஷன் குழுவுக்கு அனுப்பி வைத்தேன், செயலாளரின் கடமை. பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன், அது என் சுபாவம்.

“கழுத்தறுந்தவ நான். நானே கேக்கேன், அந்தப் பிள்ள கதவ எதுக்குப் பாக்கணும்?” என்றாள் உலகம்மாள்.

“திருடன் எந்தக் கதவு வழியா வருவான்னு யாரு கண்டா?”

“அவன் வந்தது ரோட்டு வழியா.”

தலைமை ஆசிரியையிடம் வாதம் செய்யக்கூடாது. கடைசியில் பெஞ்சு மேல் ஏற வேண்டி வரும்.

ஜூன் 25, ஞாயிறு

மூன்றாம் இதழ். இதுவரை எழுதியதில் மிகச் சிறந்தது இதுதான். ஜி-2 பகுதியை இங்கேயும் எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் தொகுப்பு போட உதவும்:

‘ஜி-2 வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை தாடிக்காரர்கள் இருவர் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தனர். உள்ளே இருப்பது ராக்கெட்டாக இருக்கலாம். அயர்லாந்துக்கு டிக்கெட் விலை அதிகம் அல்லவா? தினமும் விடியற்காலையில் அந்த வீட்டில் வெள்ளைக்காரர்கள் பேசும் சத்தம் கேட்கிறது. சதித்திட்டம் என்னவென்று 2-சி காது கொடுத்தும் புரியவில்லை. 2-சிக்கு ஆங்கிலம் பற்றாது. வெள்ளிக்கிழமை நாலாம் கேமராவுக்கு இரண்டு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. நோயாளி நலம்.’

பெட்டியில் இருந்தது சர்ச் கொயரின் கீபோர்டு. சுமந்து வந்தவர்கள் கொயர் பையன்கள். வெள்ளைக்காரர்கள் அவள் எழுதப் போகும் நர்ஸ் தேர்வுக்கான ஆடியோ. அயர்லாந்தில் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை நாசரேத்திலிருந்து அம்மா வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது ஆஸ்பத்திரித் தொப்பியைக் கேமரா மேல் மாட்டிவிட்டாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். விளக்கம் சொன்னால் நகைச்சுவை செத்துவிடும்.

குழுவில் நாற்பத்தோரு கட்டைவிரல்கள்.

ஜூலை 3, திங்கள்

நேற்று எழுத நேரமில்லை, இதழ் வரவில்லை. பியூலா தேர்வில் தேறிவிட்டாள். வேலையும் உறுதி. செப்டம்பர் நாலாம் தேதி அயர்லாந்தில் சேர வேண்டும். பழைய பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதாம், புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். போலீஸ் விசாரணைக்கு அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்று என் பெயரையும் உலகம்மாள் பெயரையும் கொடுத்திருக்கிறாள்.

“ஒங்களுக்குத்தான என்னப் பத்தி எல்லாம் தெரியும்” என்றாள். குத்தலா நம்பிக்கையா என்று புரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

ஜூலை 5, புதன்

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு முத்துவிநாயகம் வந்தார். தங்கமான மனிதர். காபியை ஊதி ஊதி, கண்ணை மூடிக் குடித்தார்.

“அண்ணாச்சி, ஜி-2 பொம்பளப் பிள்ள எப்படி?”

“ரொம்ப நல்ல பிள்ளை சார்.”

“நல்ல பிள்ளன்னா சரி.” பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். உள்ளே என் வாரச் சேதி! மூன்று இதழும் அழகாக வெள்ளைத்தாளில் பிரிண்ட் எடுத்து, நூல் கோத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம்தான் ஜி-2 பகுதியில் சிவப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன்.

“இதெல்லாம் தமாசு சார்.”

“தெரியும் அண்ணாச்சி. நானே வீட்ல வாசிச்சுக் காட்டுனேன். எம் மக விழுந்து விழுந்து சிரிச்சா.” ஃபைலை மூடினார். “இது மேல போயிட்டு.”

“யார் அனுப்பினது?”

அவர் காபியைப் பார்த்தார்.

யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பரமசிவம் சாராக இருக்கும். மல்லிகைக் கோபம்.

ஜூலை 14, வெள்ளி

பரமசிவம் சாரிடம் நேராகவே கேட்டேன். “ஓய், ஒம்ம நோட்டீஸ நீரே ஊர் பூரா பரப்பிட்டு என்னக் கேக்கீரு. என் தம்பி மவன் அந்தக் குரூப்லதான் இருக்கான். மல்லியப்பூ விசயம் கல்லிடைக்குறிச்சி வரைக்கும் போயிட்டு” என்றார்.

அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. ஆனாலும் பூப் பறிப்பதை நிறுத்தவில்லை. கேமராவுக்குப் பயப்படாத ஒரே ஆள்.

அந்த ஃபைலைப் பார்த்ததிலிருந்து வாரச் சேதியை நிறுத்திவிட்டேன். இன்று காய்கறி விலை அதிகம். வெண்டைக்காய் முற்றல்.

ஜூலை 27, வியாழன்

மதுரை பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து பியூலாவுக்குக் கடிதம். காவல்துறை அறிக்கை பாதகமாக இருக்கிறதாம். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம். கடிதத்தோடு மேலே வந்தாள். டூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை.

உலகம்மாள் ஆங்கிலத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். அடையாளம் தெரியாத ஆண்கள் இருவர் சந்தேகத்துக்குரிய நீண்ட பெட்டியைக் கொண்டு வந்தது. வைகறை நேரத்தில் அந்நிய நாட்டவரோடு தொடர்பு. கண்காணிப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்தது. பொதுப் பாதுகாப்பு ஏற்பாட்டை எதிர்த்து மனு கொடுத்தது. ஆதாரம்: குடியிருப்பு நலச்சங்கத்தின் வாராந்தர அறிக்கை.

என் நகைச்சுவை ஆங்கிலத்தில் நன்றாக இல்லை.

“மூணாவது என்ன?” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“தொப்பி” என்றாள் பியூலா. “அம்மாக்குத் தலை வாரினது.”

குக்கர் விசிலடித்தது.

“அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம். அதெல்லாம் தமாசுக்கு எழுதுனதுன்னு சங்கத்து லெட்டர்ல எழுதிக் குடுங்க. பதினெட்டாந் தேதி கொண்டு போறேன். அங்க ஆஸ்பத்திரியில லிஸ்ட்டுல எனக்குப் பின்னால பத்து பேரு நிக்காங்க. நாலாந் தேதி நான் நிக்கலன்னா அடுத்த பிள்ளயக் கூப்புட்டுருவாங்க.”

“இதென்னம்மா, ஒரு கடிதம்தானே. நாளைக்கே எழுதித் தாரேன்” என்றேன்.

ஜூலை 28, வெள்ளி

எழுதவில்லை. மோட்டார் ரிப்பேர், ஆள் வந்திருந்தான்.

ஆகஸ்ட் 2, புதன்

கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் முத்துவிநாயகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று ஸ்டேஷனுக்குப் போனேன். பயமெல்லாம் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே.

சுவர் முழுக்கத் திரைகள். ஒரு திரையின் மூலையில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு, சின்னதாக, தீப்பெட்டி அளவு. அதன் நடுவில் ஜி-2 வாசல். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஒரு காவலர் திரைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முத்துவிநாயகம் என் கடிதத்தைப் படித்தார். ‘மேற்படி செய்திகள் யாவும் நகைச்சுவைக்காக நான் கற்பனை செய்தவை.’

“அண்ணாச்சி, இதக் குடுக்கப் போறியளா?”

“உண்மை அதுதானே சார்.”

“உண்மதான். ஆனா யோசிங்க. ஸ்டேசன் குரூப்புல போடுறது தகவல். நீங்களே போட்டிய, எங்க ஐயாவும் பாத்து விரலக் காட்டிட்டாவ. இப்ப அது பொய்யின்னு எழுதிக் குடுத்தா, போலீசுக்குப் பொய்த் தகவல் குடுத்தவருன்னு ஆயிரும். கேசு ஒங்க பேர்ல. அக்கா வேற சர்வீஸ்ல இருக்காவ.”

“சரி, பொய்யில்லைன்னு வச்சுக்கிட்டா?”

“அப்ப அந்தப் பிள்ள மேல உள்ளது நெசம்னு ஆயிரும்.”

“தமாசுன்னு ஒரு வகை இல்லையா சார்?”

அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துப் புரட்டினார். மனப்பூர்வமாகத்தான் தேடினார். “அதுக்குக் கட்டம் இல்லயே அண்ணாச்சி” என்றார்.

பெட்டியில் கீபோர்டுதான் இருந்தது என்று அவரே சர்ச்சுக்குப் போய் விசாரித்திருக்கிறார். அதையும் எழுதி அனுப்பியிருக்கிறார். “சங்கத்து அறிக்கையில பெட்டி பத்தி மட்டும் இருக்கு, கீபோர்டு பத்தி ஏன் இல்லன்னு மேல கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? வெளக்கம் சொன்னா தமாசு செத்துரும்னா?”

நான் டைரியில் எழுதிய வாக்கியம் அவர் வாயில். அதிர்ந்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அதை டீக்கடையிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்றிலிருந்து டைரி அரிசிப் பானைக்குள்.

ஆகஸ்ட் 9, புதன்

இரண்டு பக்கமும் பாதகமில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பழைய டிபார்ட்மெண்ட் மூளை சும்மாவா! இரவெல்லாம் யோசித்து எழுதிய கடிதம் மொத்தமே இரண்டு வரி:

‘வாரச் சேதியில் வெளியானவை கண்டோர் கூறக் கேட்டு எழுதப்பட்டவை. மேற்படி நபரைப் பற்றி எனக்கு நேரடியாக ஏதும் தெரியாது.’

பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. முத்துவிநாயகத்திடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, “இது போதும் அண்ணாச்சி” என்றார்.

எதற்குப் போதும் என்று கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பியூலாவைப் படிக்கட்டில் பார்த்தேன். “எழுதிக் குடுத்துட்டேம்மா, ஸ்டேஷன்லயே நேரா சேத்தாச்சு” என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம் ஒரு பெட்டி மஸ்கோத் அல்வாவோடு வந்தாள். முதலூரிலிருந்து அவள் அம்மா வாங்கி அனுப்பியது, தேங்காய்ப்பால் மணம்.

“அண்ணாச்சி வாரச் சேதிய நிறுத்திட்டியளே. எனக்காகவா? போடுங்க. நல்லாத்தான் எழுதுதிய, என்னய விட்டுட்டு எழுதுங்க.”

எனக்குச் சர்க்கரை உண்டு. ஐந்து துண்டு தின்றேன்.

உலகம்மாள், “என்ன எழுதிக் குடுத்திய?” என்று கேட்டாள். “வழக்கமா எழுதுறதுதான்” என்றேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மழை மூட்டம். பெய்யவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

பியூலா நேற்றே மதுரையிலிருந்து திரும்பிவிட்டாளாம். நான் இன்று காலை பால் வாங்கப் போகும்போதுதான் அவளைப் பார்த்தேன். தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் நாலாம் கேமரா.

“அங்க ஃபைல்ல ஒங்க லெட்டரக் காட்டுனாங்க அண்ணாச்சி.”

நான் பால் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சாட்சின்னு நீங்க குடுத்த ஆளே ஒங்களத் தெரியாதுன்னு எழுதியிருக்காரேம்மா, நாங்க எப்படி நம்பன்னு அந்த சார் கேட்டாரு. பாவம், அவரும் கோவப்படல. திரும்ப விசாரணைக்கு எழுதியிருக்காரு. ரெண்டு மாசம் ஆகுமாம்.”

“அது அப்படி இல்லம்மா. பொய்யின்னு எழுதினா கேஸ் ஆயிடும்னு...”

“நேரடியாத் தெரியாதா அண்ணாச்சி? ஒங்களுக்கு என்னய?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் படியில் நின்ற உலகம்மாளின் கழுத்தைப் பார்த்தாள். தழும்பு இப்போது மெல்லிய வெள்ளைக் கோடு. நன்றாக ஆறியிருக்கிறது. கைராசி.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

உலகம்மாள் பேசவில்லை. இட்லி வைத்தாள். சட்னி வைத்தாள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இன்று முத்துவிநாயகத்திடம் போய், “கேஸ் போட்டாலும் பரவாயில்லை, நான் எழுதியது பொய் என்று எழுதித் தருகிறேன்” என்று சொல்லப் புறப்பட்டேன். சட்டையெல்லாம் போட்டாகிவிட்டது. உலகம்மாளிடம் சொன்னேன், மூன்று நாளில் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நானும் வாரேன்” என்றாள். “என் சர்வீச நான் பாத்துக்கிடுவேன்.”

போனோம். முத்துவிநாயகம் எங்கள் இருவருக்கும் டீ சொன்னார். புதுக் கடிதத்தை வாங்கி, தேதி முத்திரை குத்தி, ஃபைலில் சேர்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, இப்ப மூணு வாக்குமூலம் இருக்கு. ஒண்ணு ராக்கெட்டுங்கு. ஒண்ணு தெரியாதுங்கு. ஒண்ணு பொய்யிங்கு. மூணும் ஒரே ஆளு. அவ்வோ இனி நாலாவதா வேற ஆளத்தான் கேப்பாவ.”

“யார?” என்றாள் உலகம்மாள்.

“தெரியலக்கா. மேல போறதுக்குத்தான் வழி இருக்கு. கீழ என்ன வரும்னு எனக்கும் தெரியாது. எம் பேர்லயும் ஒரு ஃபைல் இருக்கும்லா.”

வழியில் உலகம்மாள் என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டாள். என் மேல் கேஸும் போடவில்லை. அதற்குக்கூட நான் லாயக்கில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

அயர்லாந்து ஆஸ்பத்திரி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டது. உலகம்மாள் சொல்லித்தான் தெரியும். பியூலா வீட்டைக் காலி செய்கிறாள். நாசரேத்துக்கே போகிறாளாம், அம்மாவோடு. அங்கே ஏதோ கிளினிக்.

ஆகஸ்ட் 31, வியாழன்

வேன் பத்து மணிக்கு வந்தது. உலகம்மாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கீழே போய்ச் சாமான் கட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் மேலே கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தேன்.

கட்டில். அலமாரி. கீபோர்டு, அதே கறுப்புப் பெட்டி, அதே இரண்டு தாடிக்காரப் பையன்கள். ஒருவன் படியில் இடறினான், பியூலா பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவள் மட்டும் வாசலில் நின்றாள். கதவைப் பூட்டினாள். சாவியை உலகம்மாளிடம் கொடுத்தாள். உலகம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

பிறகு பியூலா நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான், நாலைந்து வார்த்தை இருக்கும். இந்தக் கேமராவில் ஒலி கிடையாது.

எக்ஸ்சேஞ்சில் எனக்குப் படமில்லாமல் குரல் கேட்டது. இன்று குரலில்லாமல் படம். எட்டுத் தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உலகம்மாள் பக்கத்தில்தான் நின்றாள், அவளுக்குக் கேட்டிருக்கும்.

நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

நாலாம் தேதி.

செப்டம்பர் 15, வெள்ளி

முத்துவிநாயகம் வந்தார். காபி குடிக்கவில்லை, இந்த முறை நின்றுகொண்டே பேசினார்.

“ஜி-2 காலியா அண்ணாச்சி?”

“காலி.”

“யாராவது வந்தாச் சொல்லுங்க.” கொஞ்சம் தயங்கினார். “அப்புறம்... வாரச் சேதி வரலையேன்னு மேல கேக்காவ.”

“நிறுத்திட்டேன் சார்.”

“அதான் கேக்காவ. ஏன் நிறுத்துனாருன்னு. அந்தப் பிள்ள வெசயம் ஆன கையோட நிறுத்திருக்காரே, ரெண்டு பேருக்கும் ஏதும் பேச்சுவார்த்த இருக்குமோன்னு.” என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான கவலை. “எதையாவது எழுதிப் போடுங்க அண்ணாச்சி. சும்மா. சப்புன்னு இருந்தாலும் பரவால்ல. சிரிப்பு வேண்டாம்.”

செப்டம்பர் 17, ஞாயிறு

நாலாம் இதழ். யாரைப் பற்றி எழுத? யாரைப் பற்றியும் எழுதப் பயம். கேமராவைத் திறந்து என்னையே பார்த்து எழுதினேன்:

‘2-சி குற்றாலிங்கம் காலை 6:10க்குப் பால் வாங்க இறங்கினார். 6:16க்கு மேலே ஏறினார். 9:30க்கு மோட்டார் போட்டார். 10:15க்கு நிறுத்தினார். மாலை 5:00க்குக் குப்பை கொட்டினார். அவரைத் தேடி யாரும் வரவில்லை. அவர் யாரோடும் பேசவில்லை. மற்றபடி இந்த வாரம் இங்கே ஒன்றும் நடக்கவில்லை.’

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டு, குழுவிலும் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டரின் கட்டைவிரல்.

உலகம்மாள் போனைக் கேட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, வரி வரியாகப் படித்தாள். முதல் வரிக்குத் திரும்பி வந்து அங்கேயே விரலை வைத்தாள்.

“பால் பூத்து கேட்டுக்குப் பக்கத்துலதான இருக்கு. போயிட்டு வர ரெண்டு நிமிசம்.”

நான் பால் பையை எடுத்து மடித்தேன்.

“மீதி நாலு நிமிசம் அந்தப் பிள்ள பூட்டிட்டுப் போன வாசல்ல நின்னிய. தெனமும் நிக்கிய. நானும் பாக்கேன்லா” என்றாள். போனை என் கையில் கொடுத்தாள். “அத எழுதலியே.”